முகவரி தவறிய தம்புரா: ஒலி நிரலாக்கத்தில் கோப்புறைகளும் நூலகப் பாதைகளும்

நம் சங்க ஆண்டு விழாவில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு சிறு சங்கடத்திலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். இசை வகுப்புக் குழந்தைகள் பாடத் தயாராக மேடையில் அமர்ந்திருந்தார்கள். சுருதிக்கு, நான் கணினியில் அமைத்த தம்புரா. சாதாரண எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியின் ஒலி அல்ல அது. நம் சங்கத்தில் பல ஆண்டுகள் பாட்டுக் கற்றுக்கொடுத்த டீச்சரம்மாவின் தஞ்சாவூர்த் தம்புராவை, அவர் இருந்த காலத்திலேயே தந்தி தந்தியாகப் பதிவு செய்து வைத்திருந்தேன். டீச்சரம்மா இன்று இல்லை. தம்புராவின் குடமும் விரிசல் விட்டுவிட்டது. ஆகவே அந்த நான்கு ஒலிப்பதிவுகள்தான் மிச்சம்.

வீட்டில் மணியாக வேலை செய்தது. ஒரு கோப்பைப் பென் டிரைவில் போட்டு எடுத்துவந்து, என் பேத்தியின் மடிக்கணினியில் திறந்தேன். திரையில் நான்கு பெட்டிகள் வெறும் புள்ளிக்கோடாக நின்றன. சத்தமே இல்லை. முன்வரிசையில் இருந்த ஒரு குழந்தை, "தாத்தா, தம்புரா எங்க?" என்று கேட்டது. யாரோ ஒருவர் கைபேசியில் சுருதியைப் போட்டுச் சமாளித்தார். பாட்டு நடந்தது, ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நிஜமாகவே, எங்கே போயிற்று தம்புரா?

அதற்கான விடைதான் இக்கட்டுரை. இசையும் கணினியும் சேர்த்துப் பழகும் நம் வீட்டுப் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். அவர்களுக்கும், அவர்களுக்கு மடிக்கணினி வாங்கித் தந்துவிட்டு "இவன் என்னதான் பண்றான்?" என்று எட்டிப் பார்க்கும் பெற்றோருக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

பெட்டிகளும் கம்பிகளும்

நிரல் எழுதுவது என்றால் வரிவரியாக எழுதுவது என்றே நினைக்கிறோம். ஒலிக்கான சில மென்பொருள்களில் அப்படி இல்லை. திரையில் சிறு பெட்டிகளை வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கம்பி இழுப்பதுதான் நிரல். ஒரு பெட்டி ஒலியை உண்டாக்கும், அடுத்தது அதன் அளவைக் கூட்டிக் குறைக்கும், கடைசிப் பெட்டி அதை ஸ்பீக்கருக்கு அனுப்பும். இப்படி வரைந்து முடித்த படத்துக்குப் 'பேட்ச்' என்று பெயர். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கம்பியைச் செருகிச் செருகி இணைப்புக் கொடுத்தோமே, அந்தப் 'பேட்ச் கார்டு' வழக்கிலிருந்து வந்த சொல்தான். தொலைபேசித் துறையில் வேலை பார்த்த எனக்கு அதனாலேயே இது பிடித்துப்போயிற்று.

இதன் வரலாறு சுருக்கமாக: கணினியில் ஒலி உண்டாக்கும் 'மியூசிக்' என்ற நிரலை 1957-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மேக்ஸ் மேத்யூஸ் எழுதினார். 1980-களில் பாரிஸ் நகரின் இர்காம் இசை ஆய்வு நிலையத்தில் மில்லர் பக்கெட் என்பவர், பெட்டிகளும் கம்பிகளும் கொண்ட நிரலாக்கத்தை உருவாக்கினார். மேத்யூஸைப் பெருமைப்படுத்தும் விதமாக அதற்கு 'மேக்ஸ்' என்று பெயர் வந்தது. அது பிறகு விலைக்கு விற்கும் மென்பொருளாகி, இன்றும் நடப்பில் உள்ளது. பக்கெட் கலிபோர்னியாவுக்குச் சென்றபின், 1996-இல் 'பியூர் டேட்டா' என்ற இன்னொன்றை எழுதினார். சுருக்கமாகப் பி.டி. என்பார்கள். இது இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நான் பயன்படுத்துவது இதைத்தான். ஆகவே எடுத்துக்காட்டுகள் எல்லாம் பி.டி.யிலிருந்தே வரும்.

ஒரு குறிப்பு: கோப்புப் பெயர்களையும் கட்டளைகளையும் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

பேட்சுக்குள் இருப்பவை பெயர்களே

பி.டி. பேட்சை ஒரு சாதாரண நோட்பேடில் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது வெறும் எழுத்துதான். எந்தப் பெட்டி எந்த இடத்தில், அதன் பெயர் என்ன, எதிலிருந்து எதற்குக் கம்பி என்ற பட்டியல், அவ்வளவே. பெட்டியின் பெயர் இருக்கும், பெட்டி இருக்காது. ஒலிக்கோப்பின் பெயர் இருக்கும், ஒலி இருக்காது.

அம்மா எழுதிக் கொடுத்த சமையல் குறிப்பில் "நம்ம வீட்டு சாம்பார்ப் பொடி இரண்டு கரண்டி" என்று இருக்கும். குறிப்பைப் பத்திரமாக டில்லிக்கு எடுத்து வந்துவிட்டோம். பொடி டப்பா கும்பகோணத்திலேயே நின்றுவிட்டது. குறிப்பில் தவறு இல்லை, ஆனால் சாம்பார் வராது. நான் விழா மண்டபத்துக்குக் கொண்டுபோனது இந்தக் குறிப்பை மட்டும்தான்.

ஒரு பேட்ச் பெயர் சொல்லி அழைக்கும் பொருள்கள் நான்கு வகை.

1. உள்ளமைந்தவை: பி.டி.யோடு கூடவே வருபவை. கூட்டல், பெருக்கல், அலை உண்டாக்குவது, ஸ்பீக்கருக்கு அனுப்புவது போன்றவை. இவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம்; பி.டி. இருக்கும் இடத்தில் இவையும் இருக்கும்.

2. அப்ஸ்ட்ராக்‌ஷன்: நாமே செய்து தனிக் கோப்பாகச் சேமித்த பேட்ச். 'தந்தி.பிடி' என்று ஒரு கோப்பு செய்துவிட்டால், வேறொரு பேட்சில் 'தந்தி' என்று பெட்டிக்குள் எழுதினாலே அது வந்து உட்காரும். தம்புராவுக்கு நான்கு தந்தி: பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். நான்கு முறை வரையத் தேவையில்லை. ஒரே 'தந்தி'யை நான்கு முறை அழைத்து, எந்த ஒலிக்கோப்பு என்பதை மட்டும் மாற்றிச் சொன்னால் போதும்.

3. எக்ஸ்டர்னல்: மற்றவர்கள் சி போன்ற மொழிகளில் எழுதி, எந்திர மொழிக்கு மாற்றித் தந்த கூடுதல் பெட்டிகள். இவை தொகுதியாக வரும்போது 'லைப்ரரி', அதாவது நூலகம் என்கிறோம்.

4. ஒலிக்கோப்புகள் முதலான தரவுகள்.

என் பேட்சில் இரண்டு, மூன்று, நான்கு ஆகிய வகைகள் எல்லாமே வீட்டுக் கணினியில் வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடந்தன. மேடையில் புள்ளிக்கோடாக நின்ற நான்கு பெட்டிகளும் அந்த 'தந்தி'கள்தான். பெயருக்கு உரியதைக் கண்டுபிடிக்க முடியாதபோது பி.டி. பெட்டியைப் புள்ளிக்கோட்டில் வரையும். கூடவே, தன் முதன்மைச் சாளரத்தில் உருவாக்க முடியவில்லை என்று ஒரு வரி எழுதும். அந்த வரியை நாம் பெரும்பாலும் படிப்பதே இல்லை.

பி.டி. எங்கே தேடுகிறது?

பெட்டிக்குள் ஒரு பெயரை எழுதியதும், அது ஏற்கெனவே தன்னிடம் இருக்கிறதா என்று பி.டி. முதலில் பார்க்கும். இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளும். ஆகவே உள்ளமைந்த பெட்டியின் பெயரையே நம் அப்ஸ்ட்ராக்‌ஷனுக்கும் வைத்தால், நம்முடையது அழைக்கப்படாது. இல்லையென்றால், பேட்ச் இருக்கும் கோப்புறையிலும், அந்தப் பேட்ச் தானே அறிவித்த இடங்களிலும் தேடும். அங்கேயும் இல்லையென்றால்தான், அந்தக் கணினி முழுமைக்கும் பொதுவாகக் குறித்துவைத்த 'பாதை'களில் தேடும்.

இந்தக் கடைசிப் படியில்தான் ஆபத்து. பி.டி.யின் 'பிரிஃபரன்சஸ்' பகுதியில் பாதைகளைச் சேர்க்க முடியும். சேர்த்தவுடன் எல்லாம் வேலை செய்யும். ஆனால் அந்தக் குறிப்பு சேமிக்கப்படுவது கணினியில்; பேட்சில் அல்ல. என் வீட்டில் நான் எப்போதோ சேர்த்துவிட்டு மறந்துபோன பாதைகள், பேத்தியின் மடிக்கணினிக்கு எப்படித் தெரியும்? நம் தெருவில் யாரைக் கேட்டாலும் நம் வீட்டைக் காட்டுவார்கள் என்பதற்காக, வெளியூர்க்காரருக்கு முகவரி இல்லாமல் கடிதம் போட்ட கதைதான்.

முழு முகவரியும் பக்கத்து வீடும்

பாதையை இரண்டு விதமாகச் சொல்லலாம். 'டி:/இசை/பழையது/பா.வேவ்' என்பது முழுப் பாதை. ஊர், தெரு, கதவு எண் எல்லாம் போட்ட முகவரி மாதிரி. பார்க்கத் திருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் வீடு மாறினால் உடனே பொய்யாகிவிடும். 'சவுண்ட்ஸ்/பா.வேவ்' என்பது சார்புப் பாதை. "நான் இருக்கிற இடத்திலிருந்து, சவுண்ட்ஸ் என்ற கோப்புறைக்குள்" என்று பொருள். இரண்டு புள்ளி வைத்து '../' என்று தொடங்கினால், "ஒரு படி மேலே போய்" என்று பொருள். குடும்பமே ஒன்றாக இடம் மாறினாலும் "அடுத்த அறையில் அண்ணன்" என்பது மாறாது, இல்லையா? அதுபோல.

என் பேட்சில் நான்கு ஒலிக்கோப்புகளுக்கும் முழுப் பாதைதான் எழுதியிருந்தேன். விழாவுக்குப் பிறகு இதைச் சரிசெய்ய உட்கார்ந்தபோதுதான் இன்னொரு அதிர்ச்சி. பாதை சொன்ன அந்த 'டி' டிரைவ், நான் முன்பே மாற்றித் தூக்கிப்போட்ட பழைய வன்தட்டு. அப்படியானால் வீட்டில் எப்படி ஓடியது? சில வாரங்களாகக் கணினியை அணைக்காமல், திறந்திருந்த பேட்சை மூடாமலேயே வைத்திருந்தேன். தட்டை மாற்றுவதற்கு முன் கடைசியாகப் பேட்சைக் காப்பி எடுத்த நான், ஒலிக்கோப்புகளை எடுக்கவில்லை. புதிய தட்டுப் போட்டதும் எல்லாம் வந்துவிட்டதாக நம்பிவிட்டேன் என்றும் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அதுவும் பொருந்தவில்லை. கடைசியில் பிடிபட்டது: வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது பேட்சே அல்ல. தட்டை மாற்றும் முன் ஒருநாள் பதிவு செய்துவைத்த அதன் ஒலியைத்தான் தினமும் போட்டுக் கேட்டிருக்கிறேன். பேட்சைத் திறந்து பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. நல்லவேளையாக, நம் சங்க நண்பர் ஒருவரின் பழைய பென் டிரைவில் அந்த நான்கு பதிவுகளும் அகப்பட்டன. அகப்படாதிருந்தால் டீச்சரம்மாவின் தம்புரா அதோடு முடிந்திருக்கும்.

ஒரு திட்டம், ஒரு கோப்புறை

இத்தனைக்கும் மருந்து ஒன்றுதான். ஒரு வேலைக்குத் தேவையான அனைத்தும் ஒரே கோப்புறைக்குள் இருக்க வேண்டும். இப்போது என் தம்புரா இப்படி இருக்கிறது:

தம்புரா என்ற கோப்புறை. அதற்குள் நேராக:
– மெயின்.பிடி: திறக்க வேண்டிய ஒரே பேட்ச்.
– லிப்: என் அப்ஸ்ட்ராக்‌ஷன்கள். தந்தி.பிடி, தந்தி-ஹெல்ப்.பிடி.
– எக்ஸ்ட்: எக்ஸ்டர்னல்கள்.
– சவுண்ட்ஸ்: நான்கு ஒலிப்பதிவுகள்.
– ரீட்மீ: எழுத்துக் கோப்பு. எந்தப் பி.டி. பதிப்பு, எந்த நூலகம், யார் வாசித்தது, எந்தச் சுருதி.

மெயின் பேட்சுக்குள் இரண்டு பெட்டிகள் வைத்திருக்கிறேன்: 'டிக்ளேர் -பாத் லிப்', 'டிக்ளேர் -பாத் எக்ஸ்ட்'. "என் பக்கத்தில் இருக்கும் இந்தக் கோப்புறைகளிலும் தேடு" என்று பேட்ச் தானே சொல்கிறது. கணினியின் அமைப்பில் எதையும் தொட வேண்டாம். பேட்ச் போகும் இடமெல்லாம் இந்த அறிவிப்பும் கூடவே போகும். எழுதிய பின் ஒருமுறை சேமித்து, மூடி, திறந்து பாருங்கள். ஏற்கெனவே புள்ளிக்கோடாக நிற்கும் பெட்டி தானாக உயிர் பெறாது.

இன்னொரு வழியும் உண்டு. பெட்டிக்குள் 'லிப்/தந்தி' என்று கோப்புறைப் பெயரையும் சேர்த்தே எழுதலாம். இதில் ஒரு நன்மை: ஒரே பெயரில் இரண்டு நூலகங்களில் பெட்டி இருந்தாலும் குழப்பம் வராது. 'பிரிபெண்ட்' என்ற பெட்டி சைக்ளோன் நூலகத்திலும் உண்டு, ஐ.இ.எம்.லிப் நூலகத்திலும் உண்டு. வெறும் பெயரை எழுதினால் எது முதலில் அகப்படுகிறதோ அதுதான் வரும். ஊரில் இரண்டு முருகேசன் இருந்தால் "மளிகைக்கடை முருகேசன்" என்கிறோமே, அதே உத்திதான். ஆனால் ஒரே கோப்பில் பல பெட்டிகளை அடக்கிய நூலகங்களுக்கு இது போதாது. காட்சிப் படங்களுக்கான 'ஜெம்' அப்படிப்பட்டது. அவற்றுக்கு 'டிக்ளேர் -லிப் ஜெம்' என்று எழுதி முழு நூலகத்தையும் ஏற்ற வேண்டும்.

கால் இடறும் இடங்கள்

ஒன்று. ஒலிக்கோப்பின் சார்புப் பாதை, அதைப் படிக்கும் பெட்டி எந்தக் கோப்புக்குள் இருக்கிறதோ அதிலிருந்து கணக்கிடப்படும். என் ஒலியைப் படிக்கும் 'சவுண்ட்ஃபைலர்' பெட்டி தந்தி.பிடிக்குள் இருக்கிறது, அதுவோ 'லிப்' கோப்புறைக்குள். ஆகவே 'சவுண்ட்ஸ்/பா.வேவ்' என்று எழுதினால் கிடைக்காது. '../சவுண்ட்ஸ்/பா.வேவ்' என்று ஒரு படி மேலேறித்தான் போக வேண்டும். இதில் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையே தொலைத்திருக்கிறேன்.

இரண்டு. விண்டோஸிலும் மேக்கிலும் வழக்கமான அமைப்பில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை. லினக்ஸ் பார்க்கும். 'Pa' வேறு, 'pa' வேறு என்பதுபோல. எல்லாப் பெயரையும் சின்ன எழுத்திலேயே வைத்துவிட்டால் தொல்லை இல்லை. பெயரில் இடைவெளியும் வேண்டாம், பி.டி.க்கு இடைவெளி என்றால் அடுத்த சொல் தொடங்கிவிட்டது என்று பொருள். சாய்கோடும் விண்டோஸ் பாணியில் பின்சாய்வாக வேண்டாம். முன்சாய்கோடு எல்லாக் கணினியிலும் செல்லும்.

மூன்று. அப்ஸ்ட்ராக்‌ஷன் வெறும் எழுத்து என்பதால் எங்கும் ஓடும். எக்ஸ்டர்னல் அப்படியல்ல. விண்டோஸுக்குச் செய்தது லினக்ஸில் ஓடாது. 32 பிட்டுக்குச் செய்தது 64 பிட்டில் ஓடாது. ஆகவே எந்த வேலையை உள்ளமைந்த பெட்டிகளால் முடிக்கலாமோ, அதற்கு எக்ஸ்டர்னலைத் தேடாதீர்கள்.

நான்கு. ஒரே அப்ஸ்ட்ராக்‌ஷனை நான்கு முறை அழைக்கும்போது, உள்ளே ஒலியைச் சேமிக்கும் பட்டியலுக்கும் நான்கிலும் ஒரே பெயர் வந்துவிடும். ஒன்றின் ஒலியை மற்றது எடுத்துக்கொள்ளும். பெயரின் முன்னால் டாலர் குறியும் பூஜ்யமும் சேர்த்து '$0-ஒலி' என்று எழுதினால், ஒவ்வொன்றுக்கும் பி.டி.யே தனி எண் கொடுத்துப் பிரித்துவிடும்.

நூலகமும் மூப்படையும்

'பி.டி. எக்ஸ்டெண்டெட்' என்று ஒரு பதிப்பு இருந்தது. ஏராளமான நூலகங்களைத் தன்னோடு சேர்த்தே கொடுத்ததால், பள்ளிகளிலும் பட்டறைகளிலும் எல்லாரும் அதையே பயன்படுத்தினார்கள். 2013-க்குப் பிறகு அதற்குப் புதிய பதிப்பு வரவில்லை. அதை நம்பி எழுதிய பேட்சுகளைச் சாதாரண பி.டி.யில் திறந்தவர்களுக்கு, எனக்கு மேடையில் கிடைத்த அதே புள்ளிக்கோட்டுப் பெட்டிகள் கிடைத்தன. எந்தப் பெட்டி எந்த நூலகத்தைச் சேர்ந்தது என்று பேட்சில் எழுதி வைக்காததுதான் காரணம். 2016 முதல், வேண்டிய எக்ஸ்டர்னலைப் பி.டி.க்குள்ளிருந்தே தேடி இறக்கும் வசதி வந்துவிட்டது. 'டெக்கன்' என்று பெயர். வசதிதான். ஆனால் இறக்கியதை எங்கே வைத்தோம், எந்தப் பதிப்பு என்று ரீட்மீயில் ஒரு வரி எழுதாவிட்டால், பத்து வருஷம் கழித்து அதே கதைதான்.

மேக்ஸ் பயன்படுத்துவோருக்கும் தத்துவம் இதேதான். 2011-இல் வந்த ஆறாம் பதிப்பு முதல் அதில் 'புராஜெக்ட்' என்ற ஏற்பாடு உண்டு. ஒரு வேலைக்கு வேண்டிய பேட்சுகளையும் ஒலிகளையும் ஒரே இடத்தில் காட்டும். வெளியே சிதறியிருப்பவற்றைத் திட்டத்தின் கோப்புறைக்குள் சேர்த்துக்கொள்ளவும் வழி தரும். அங்கேயும் 'ஃபைல் பிரிஃபரன்சஸ்' பாதைகளை மட்டும் நம்பினால், என் நிலைமைதான்.

வீடு மாற்றிப் பார்க்கும் சோதனை

வேலை முடிந்ததா என்று அறிய எளிய சோதனை ஒன்று சொல்கிறேன். கோப்புறை முழுவதையும் வேறு இடத்துக்கு நகர்த்துங்கள், பெயரையும் மாற்றுங்கள். பி.டி.யை மூடித் திறந்து, மெயின் பேட்சைத் திறவுங்கள். முதன்மைச் சாளரத்தில் வரும் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். பிறகு, பி.டி. புதிதாக நிறுவிய வேறொரு கணினியில் அதே சோதனை. அங்கே ஓடினால்தான் ஓடுகிறது என்று அர்த்தம். நம் கணினியில் ஓடுவது ஒரு சாட்சியே அல்ல.

இந்தச் சோதனையை இப்போது வீட்டில் பேத்திதான் நடத்துகிறாள். "தாத்தா, ரீட்மீல எந்தக் கட்டைன்னு எழுதவே இல்லையே" என்று பிழை பிடித்ததும் அவள்தான். டீச்சரம்மாவுக்கு ஐந்து கட்டை. ஆதார ஷட்ஜம் ஏறக்குறைய 196 ஹெர்ட்ஸ், அதன் கீழ்ப் பஞ்சமம் 147, மந்தரம் 98. எழுதிச் சேர்த்தாயிற்று. மறு ஆண்டு விழாவில் தம்புரா ஒலித்தது. இசை வகுப்புப் பிள்ளைகள் கோப்புறையைத் தங்கள் வீட்டுக் கணினிகளுக்கும் எடுத்துப்போனார்கள்.

ஊர் மாறி வந்த நாம் எல்லாரும் எதையாவது கூடவே கொண்டுவந்திருக்கிறோம்: பாட்டி பாடிய தாலாட்டோ, அப்பாவின் குரலோ, கோயில் நாதஸ்வரமோ, ஏதோ ஒரு பழைய பதிவாக. அவற்றை நம் பிள்ளைகள் புதிய கருவிகளில் புதிய இசையாக்குவார்கள், ஆக்கட்டும். ஆனால் அந்தப் பதிவு எந்தக் கணினியின் எந்த மூலையில் இருக்கிறது என்பது ஒருவர் நினைவில் மட்டும் இருந்தால், அவரோடு அதுவும் போய்விடும். இன்றிரவே ஒரு கோப்புறை திறந்து, எல்லாவற்றையும் அதில் சேர்த்து, ஒரு ரீட்மீ எழுதி, இரண்டாவது பிரதியை வேறொருவர் வீட்டில் வையுங்கள். அரை மணி நேர வேலைதான்.